‘திவால்’ என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளின் பணச்சிக்கல் இப்போது தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களிலும் அடிக்கடி வருகிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் செய்திகளில் ‘கடன்’, ‘திவால்’, ‘ஒரு பவுண்டுக்கு விற்பனை’ ஆகிய மூன்றும் விளக்கமே இல்லாமல் புழங்குகின்றன. படிப்பவருக்குக் கிடைப்பது திகைப்பு மட்டும்தான். எந்த கிளப் உண்மையிலேயே விழப்போகிறது என்ற விவரம் கிடைப்பதில்லை.

முதலில் கடன். 2025 நிலவரப்படி, இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டின் நீண்டகாலக் கடன் மட்டும் 65 கோடி டாலர். 20 ஆண்டுகளாகக் கடனோடுதான் அந்த கிளப் ஓடுகிறது. 2024-25 சீசனில் அதன் வருமானம் 66 கோடி பவுண்டைத் தாண்டியது. மாறாக, மெக்கில்ஸ்ஃபீல்ட் டவுன் என்ற சிறிய கிளப்பைக் கலைக்கும்படி 2020 செப்டம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டபோது நிலுவை சுமார் 5 லட்சம் பவுண்டுதான். முன்னணி வீரர் ஒருவரின் இரண்டு மாதச் சம்பளத்துக்குக்கூட அது காணாது. ஆக, மொத்தத் தொகையை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவதால் ஒன்றும் விளங்காது. கடனைக் கொடுத்தவர் யார், எதை ஈடாக வாங்கிக்கொண்டார், எப்போது திருப்பித் தர வேண்டும், அதுவரை சம்பளம் போடக் கையில் ரொக்கம் இருக்கிறதா என்பவைதான் கேள்விகள்.

மைதானம் கட்ட வாங்கிய கடனைக் கண்டு பதற வேண்டியதில்லை. டாட்டன்ஹாம் 2019-ல் 52.5 கோடி பவுண்டு கட்டுமானக் கடனை 15 முதல் 30 ஆண்டுகளில் முதிரும் கடன் பத்திரங்களாக மாற்றிக்கொண்டது. சராசரி வட்டி 3 சதவீதத்துக்கும் கீழே. எதிரே ஒரு மைதானம் நிற்கிறது, அதில் டிக்கெட் விற்கிறது, வட்டி நிலையானது. மான்செஸ்டர் யுனைடெட்டின் கதை வேறு. 2005-ல் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டு மதிப்பில் கிளப்பை வாங்கியபோது அதில் பெரும்பகுதி கடன் வாங்கிய பணம். கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டது கிளப்பின் சொத்து. வட்டி கட்டியதும் கிளப்பின் வருமானம். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! அதுவரை கடனே இல்லாமல் இருந்த கிளப், வாங்கியவரின் கடனைத் தானே சுமக்க வேண்டியதாயிற்று. அந்தக் கொள்முதலில் ஒரு பகுதி, வட்டியை அவ்வப்போது கட்டாமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் வகைக் கடன். 2006-ல் 13.8 கோடி பவுண்டாக இருந்த அது, 14.25 சதவீத வட்டியில் குட்டி போட்டு 2010-ல் 20 கோடியைத் தாண்டியது. கிளப்பின் மேல் இல்லாமல் உரிமையாளரின் பங்குகள் மேல் வாங்கிய கடன் என்பதால், ‘கிளப் கடன்’ என்று எழுதப்படும் தொகையில் இது வரவே வராது. யுனைடெட் இத்தனைக்குப் பிறகும் நிற்கக் காரணம் அதன் வருமானம். அதே ஏற்பாட்டை நடுத்தர கிளப் ஒன்றின் தலையில் ஏற்றினால் இரண்டு மோசமான சீசன் தாங்காது.

உரிமையாளரே கொடுக்கும் கடன் பார்க்கச் சாதுவாக இருக்கும். வட்டி இல்லை, கெடு இல்லை. செல்சி கிளப்பில் அதன் ரஷ்ய உரிமையாளர் ரோமன் அப்ரமோவிச் போட்டிருந்த 150 கோடி பவுண்டு அப்படிப்பட்டது. 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி பிரிட்டன் அரசு அவர் மீது தடைகள் விதித்தபோது கிளப்பின் கணக்குகள் ஒரே நாளில் முடங்கின. 250 கோடிக்கு வாங்க ஆள் வரிசையில் நின்றதாலும், கடனைத் திருப்பிக் கேட்பதில்லை என்று அவர் விட்டுக்கொடுத்ததாலும் செல்சி தப்பியது. வாங்க ஆளில்லாத கிளப்பில் குழாய் மூடினால் மறுமாதமே சம்பளம் நிற்கும். ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயில் 2025-ல் நடந்தது இதுதான். உரிமையாளரின் பணத்தை நம்பி ஓடிய கிளப்பில் சம்பளம் தவணை தவறியது, வரி பாக்கி நின்றது, அக்டோபர் 24 அன்று, கடனில் தவிக்கும் கிளப்பைக் காப்பாற்றச் சட்டப்படி பொறுப்பேற்கும் நிர்வாகிகள் வந்தார்கள், தண்டனையாக லீக் அட்டவணையில் 12 புள்ளிகள் பறிபோயின.

செய்திகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் இன்னொரு கடன், மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய வீரர் பரிமாற்றத் தவணை. 6 கோடி பவுண்டுக்கு வீரரை வாங்கினார்கள் என்றால் அன்றே 6 கோடி கைமாறியது என்று அர்த்தமில்லை. மூன்று நான்கு ஆண்டுத் தவணையாகப் போகும். ‘நிகரக் கடன்’ (கடனிலிருந்து கையிருப்பு ரொக்கத்தைக் கழித்தது) என்று அறிவிக்கப்படும் தொகையில் இது சேராமல் இருப்பது வழக்கம். விற்ற கிளப்பும் சும்மா இருப்பதில்லை. வர வேண்டிய தவணைகளை ஒரு வங்கியிடம் தள்ளுபடி விலைக்குக் கொடுத்து இன்றே ரொக்கம் வாங்கிவிடும். அடுத்த ஆண்டு செலவுக்கு என்ன மிச்சம் என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே கணக்குப் பதிவு முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குழப்பத்தின் பாதி இதிலிருந்துதான் வருகிறது. அந்த 6 கோடி பவுண்டு வீரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால், செலவு ஆண்டுக்கு 1.2 கோடி வீதம் தேய்மானமாக எழுதப்படும். மூன்று ஆண்டு கழித்து ஏட்டில் அவர் மதிப்பு 2.4 கோடி. அப்போது அவரை 3 கோடிக்கு விற்றால் ஏட்டில் 60 லட்சம் பவுண்டு லாபம் பதிவாகும். கையிலிருந்து போனது 6, வந்தது 3. பாதி பணத்தை இழந்தும் லாபம் காட்டலாம் என்பதுதான் வேடிக்கை. சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த வீரருக்கு ஏட்டு மதிப்பு பூஜ்யம் என்பதால் அவரை விற்றால் முழுத்தொகையும் லாபம். உள்ளூர்ப் பையன்கள் ஜூன் மாதக் கடைசியில், கணக்காண்டு முடியும் வேளையில் விற்கப்படுவதன் ரகசியம் இது.

இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் 2025-26 சீசன் வரைக்குமான லாப-நஷ்ட விதி மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டத்தை அனுமதித்தது. எவர்ட்டன் 12.45 கோடி நஷ்டம் காட்டியதால் முதலில் 10 புள்ளிகள் பிடித்தார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆனது. விதி வேண்டியதுதான். ஆனால் அது அளந்தது ஏட்டு நஷ்டத்தை; கல்லாவில் ரொக்கம் இருக்கிறதா என்று அது பார்க்கவில்லை. கணக்குத் தேர்வில் பாஸான கிளப் அடுத்த வெள்ளிக்கிழமை சம்பளம் போட முடியாமல் நிற்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை எப்படி வருகிறது? கிளப்புக்கு வருமானம் மொத்த மொத்தமாக வரும்; செலவு மாதாமாதம் போகும். சீசன் டிக்கெட் பணம் கோடையில் வசூலாகும், ஒளிபரப்புப் பணம் தவணைகளில் வரும், சம்பளம் பன்னிரண்டு மாதமும் உண்டு. கோடையில் வந்ததை இலையுதிர் காலத்திலேயே தின்றுவிட்டால் குளிர்காலத்தைக் கடக்க முடியாது. போர்ட்ஸ்மத் 2010-லும் 2012-லும், ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் 2012-லும் நிர்வாகியிடம் போனது பிப்ரவரியில்தான். பணம் போதாதபோது முதலில் நிற்பது வரி. வீரரின் சம்பளத்தில் பிடித்த வரியையும் டிக்கெட்டில் வசூலித்த மதிப்புக்கூட்டு வரியையும் அரசுக்குச் செலுத்தாமல் சம்பளத்துக்கு ஓட்டுவார்கள். வீரர் மறுநாளே கத்துவார். வரித்துறை கடிதம் போட்டுக் காத்திருக்கும். அதனால் வரித்துறை கிளப்பைக் கலைக்க மனு போட்டது என்ற செய்தி வந்தால், அதைச் சிறு செய்தியாக மூலையில் தள்ளாதீர்கள். உள்ளே மாதக்கணக்கில் ரொக்கம் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அடுத்த கட்டம் விதைநெல்லைக் குத்தித் தின்பது. 2001-ல் லீட்ஸ் யுனைடெட் வருங்கால டிக்கெட் வசூலை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கடன் பெற்றது, 25 ஆண்டு கெடுவில். ஆண்டுதோறும் ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடுவோம் என்பதே திட்டத்தின் அடிப்படை. அந்த இடம் தவறியது. நட்சத்திர வீரர்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள், 2004-ல் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது, எல்லண்ட் ரோடு மைதானமும் கைவிட்டுப் போனது. அதைத் திரும்ப வாங்க 2017 வரை ஆயிற்று. ரேஞ்சர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2011-ல் ஒரே ஒரு பவுண்டுக்கு கிளப்பை வாங்கிய கிரெய்க் வைட், வங்கிக்குத் தர வேண்டிய 1.8 கோடி பவுண்டை அடைத்ததாகக் கைதட்டல் வாங்கினார். பணம் வந்த வழி பிறகுதான் தெரிந்தது: அடுத்த சில சீசன்களின் டிக்கெட்டுகளை ஒரு நிறுவனத்திடம் முன்கூட்டியே விற்றிருந்தார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. பார்சிலோனாவும் 2022-ல் ஸ்பெயினின் முதல் பிரிவான லா லிகாவில் தனக்கு வரும் ஒளிபரப்பு வருமானத்தின் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு விற்றது. அவ்வளவு பெரிய கிளப்புக்கு ஏற்கெனவே 135 கோடி யூரோ கடன் என்று 2021-ல் அதன் தலைவரே சொல்லியிருந்தார்.

ஒரு பவுண்டு விற்பனைக்கு வருவோம். ‘ஒரு கப் காபி விலைக்குக் கால்பந்து கிளப்’ என்று ஆச்சரியக்குறியோடு எழுதுகிறோம். வாங்குபவர் ஒரு பவுண்டு தந்து வாங்குவது கிளப்பின் பங்குகளை. கூடவே அத்தனை கடனும், மாதாமாதம் விழும் பள்ளமும் அவர் மடியில் ஏறுகின்றன. அந்தப் பள்ளத்தை நிரப்ப அவரிடம் பணம் உண்டா என்பதே செய்தி. 2018 டிசம்பரில் பெரி கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியபோது, போதுமான நிதிக்கு ஆதாரம் காட்டப்படாமலே விற்பனை முடிந்தது. மைதானமான கிக் லேன் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது. 1885-ல் தொடங்கிய, இருமுறை எஃப்.ஏ. கோப்பை வென்ற அந்த கிளப் 2019 ஆகஸ்ட் 27 அன்று, பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளை நடத்தும் இஎஃப்எல் அமைப்பிலிருந்தே நீக்கப்பட்டது. விகன் அத்லெடிக் இன்னும் விசித்திரம்: புதிய உரிமையாளர் கைக்கு வந்து நான்கு வாரத்துக்குள், 2020 ஜூலை 1 அன்று நிர்வாகியிடம் ஒப்படைக்கப்பட்டது. 12 புள்ளிகள் போய், அணி கீழே இறங்கியது.

மைதானத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விழுந்த கிளப் எழுந்திருக்குமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. டார்பி கவுண்டி 2018-ல் பிரைடு பார்க் மைதானத்தைத் தன் உரிமையாளருக்கே சுமார் 8 கோடி பவுண்டுக்கு விற்றது. ஷெஃபீல்ட் வெட்னஸ்டே தன் ஹில்ஸ்பரோ மைதானத்தை 6 கோடிக்கு. இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றி, ஏட்டில் லாபம் காட்டும் வித்தை. விளைவு அப்போது தெரியாது. டார்பி 2021 செப்டம்பரில் விழுந்தபோது, வாங்க வந்தவர் எதிரே நின்றது மைதானம் இல்லாத கிளப். மைதானம் வேறு நிறுவனத்தில், அதன் மேல் வேறு கடன். அந்த சீசனில் 21 புள்ளிகள் பிடிக்கப்பட்டு அணி மூன்றாம் பிரிவுக்குப் போனது. உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் மைதானத்தையும் கிளப்பையும் தனித்தனியாக வாங்கி ஒட்டவைத்த பிறகுதான், 2022 ஜூலையில் மூச்சு வந்தது. வெட்னஸ்டேயிலும் கிளப், மைதான நிறுவனம் இரண்டுக்கும் சேர்த்தே நிர்வாகிகள் வர வேண்டியிருந்தது.

இனி ‘திவால்’. நிர்வாகி பொறுப்பேற்பதற்கும் நிறுவனக் கலைப்புக்கும் நாம் ஒரே சொல்லைப் போடுகிறோம். இரண்டுக்கும் இடையே ஐசியூவுக்கும் சுடுகாட்டுக்கும் உள்ள தூரம். நிர்வாகி வந்ததும் கடன்காரர்கள் வழக்குப் போட முடியாதபடி தற்காலிகத் தடை வரும்; இஎஃப்எல் 12 புள்ளிகளைப் பிடிக்கும்; கிளப் தொடர்ந்து ஆடும். பேரம் பேசி வாங்குபவரைத் தேடுவதும் கடன்காரர்களோடு உடன்பாடு காண்பதும் நிர்வாகியின் வேலை. மதிப்பில் 75 சதவீதக் கடன்காரர்கள் சம்மதித்தால் உடன்பாடு நிறைவேறும். ரேஞ்சர்ஸில் வரித்துறை மறுத்தது, உடன்பாடு விழுந்தது, பழைய நிறுவனம் கலைப்புக்குப் போனது. சொத்துகளை 55 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய புதிய நிறுவனத்தின் கீழ் அணி நான்காம் நிலைப் பிரிவிலிருந்து மறுபடி ஆடத் தொடங்கியது. அது கலைப்பு. டார்பியில் நடந்தது கலைப்பு அல்ல.

பணம் பங்கிடும் வரிசையும் செய்தியில் வர வேண்டியது. ஈடு வைத்திருப்பவர் முன்னே நிற்பார். 2020 டிசம்பரிலிருந்து, பிடித்தும் செலுத்தாத வரிகளுக்கு வரித்துறைக்கும் முன்னுரிமை உண்டு. இவற்றுக்கு அப்பால் கால்பந்துக்கே உரிய ஒரு விதி இருக்கிறது: வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் தர வேண்டியதை முழுசாகத் தீர்க்காவிட்டால் லீக்கில் ஆடும் உரிமை புதியவருக்கு வராது. வரித்துறை இதை எதிர்த்து வழக்காடி 2012-ல் தோற்றது. கடைசியில் நிற்பவர்கள் சாப்பாடு போட்டவர், அச்சடித்தவர், புல் வெட்டியவர். 2010-ல் போர்ட்ஸ்மத்தில் இவர்களுக்குப் பேசப்பட்டது பவுண்டுக்கு 20 பென்ஸ். அந்தப் பட்டியலில் மைதானத்தில் முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்பும் இருந்தது. வீரருக்கு முழுச் சம்பளம், முதலுதவிக்காரருக்கு ஐந்தில் ஒரு பங்கு. நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனால் அந்த விதியை எடுத்துவிட்டால் ஒரு கிளப்பின் சரிவு தவணை பாக்கி வழியாக அடுத்த கிளப்பைத் தொட்டுவிடும் என்ற வாதத்தையும் ஒதுக்க முடியாது.

ரசிகர்களிடம் உரிமையைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அவ்வளவு எளிதல்ல. உறுப்பினர்களிடம் பெரும்பான்மை வாக்கு இருக்க வேண்டும் என்ற ஜெர்மனியின் விதி இருந்தும் போருசியா டார்ட்மண்ட் 2005-ல் திவாலின் விளிம்பில் நின்றது. மைதானத்தை ஒரு முதலீட்டு நிதிக்கு விற்றிருந்தார்கள். அந்த முதலீட்டாளர்கள் மார்ச் 14 அன்று சலுகைக்குச் சம்மதித்ததால் பிழைத்தது. பார்சிலோனாவும் உறுப்பினர்களின் கிளப்தான். போர்ட்ஸ்மத்தை 2013-ல் ரசிகர் அறக்கட்டளை வாங்கி ஒழுங்குக்குக் கொண்டுவந்தது உண்மை. மைதானத்தையும் அணியையும் மேம்படுத்தப் பெரிய மூலதனம் வேண்டும் என்று 2017-ல் அவர்களே விற்றதும் உண்மை. சீசன் தொடங்கும் முன்பே அந்த ஆண்டு முழுக்கச் செலவைத் தாங்கும் ரொக்கம் இருக்கிறதா என்று உரிமம் தருபவர் பார்ப்பதுதான் ஜெர்மன் முறையின் நிஜமான பலம். இங்கிலாந்தில் 2025 ஜூலையில் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டம் அந்தத் திசையில்தான் போகிறது: மேல் ஐந்து பிரிவுகளின் 116 கிளப்புகளுக்கு உரிமம், உரிமையாளரின் நிதிமூலம் பற்றிய சோதனை, அனுமதியின்றி மைதானத்தை விற்கத் தடை. இது 2018-லேயே இருந்திருந்தால் பெரி விற்பனை அவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.

இவற்றைச் சரிபார்க்க லண்டனில் நிருபர் வேண்டியதில்லை. பிரிட்டனின் நிறுவனப் பதிவகத்தின் இணையதளத்தில் எல்லாம் இலவசம். கிளப்பின் பெயரைத் தேடினால் இரண்டு மூன்று நிறுவனங்கள் வரும். கணக்கு சமர்ப்பிக்கும் கம்பெனியோடு நிற்காமல் அதன் தாய் நிறுவனத்தையும் மைதான நிறுவனத்தையும் திறக்க வேண்டும். அடமானப் பதிவுப் பக்கத்தில் கடன் கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்கும். பெயர் தெரியாத குறுகியகாலக் கடன் நிறுவனம் ஒன்று புதிதாக மைதானத்தின் மேல் பதிவாகியிருந்தால் வழக்கமான வங்கி கைவிரித்துவிட்டது என்று யூகிக்கலாம். கணக்கறிக்கையில் தணிக்கையாளர் ‘தொடர்ந்து இயங்கும் திறன்’ பற்றி எழுதும் பத்தியையும், ஓராண்டுக்குள் தர வேண்டிய கடன் குறிப்பையும், சம்பளத்துக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதத்தையும் பார்த்தால் போதும். இரண்டாம் பிரிவில் சம்பளம் மட்டுமே வருமானத்தில் 100 சதவீதத்தைத் தாண்டிய சீசன்கள் உண்டு. கணக்கைத் தாக்கல் செய்யத் தாமதம், கணக்காண்டை நீட்டுதல், தணிக்கையாளர் விலகல் ஆகிய மூன்றில் ஒன்று நடந்தாலே செய்திதான். ஒரு எச்சரிக்கை: தனியார் கம்பெனிக்கு ஒன்பது மாத அவகாசம் உண்டு. நாம் படிக்கும் எண்கள் பழையவை. அதற்குள் இரண்டு பரிமாற்றக் காலங்கள் கழிந்திருக்கும்.

எனவே அடுத்த முறை ஒரு கிளப் கைமாறும் செய்தியைப் போடும்போது, கடன் எத்தனை கோடி என்பதற்குக் கீழே இன்னும் நான்கு வரி சேருங்கள்: கடன் கொடுத்தவர் யார், கெடு எப்போது, சம்பளம் வருமானத்தில் எத்தனை சதவீதம், மைதானம் யார் பெயரில். இடம் போதவில்லை என்றால் கடைசியாகச் சொன்னதை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்